ஹாமரின் பதினோரு கடல் ஓவியங்களை நான் அறுத்த விவரம்

என் பெயர் யோசின் தெர்ப்ஸ்ட்ரா. வயது நாற்பத்தொன்பது. மணமாகவில்லை. ரோட்டர்டாமில், பழைய பள்ளிக்கூடத்தைக் கலைஞர் வீடுகளாக மாற்றிய வெஸ்டர்வால் குடியிருப்பில், ஆறாம் எண் வீட்டில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். தொழில் ஓவியம். வயிற்றுப்பாட்டுக்கு முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். யாரும் மிரட்டாமல், புத்தி தெளிவாக இருக்கும்போது இதைச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் வாடகை வெளியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, நாங்கள் இன்னும் வேலை செய்கிற கலைஞர்கள்தானா என்று ஓவியர்கள் மூவர் வந்து சோதிப்பார்கள். கடைசி இரண்டு ஆண்டு வேலைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் மாடிப்படியில் போய் நிற்க வேண்டும். தேறாதவர் ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். என் சம்பளத்துக்கு இந்த ஊரில் வேறு வீடு கிடையாது.

ஏழாம் எண்ணில் ரூலாஃப் ஹாமர், வயது அறுபத்தாறு, கடல் ஓவியர், பெயர் பெற்றவர். எனக்கு இந்த வீடு கிடைத்ததே அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலது கையில் நடுக்கம் வந்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு ஒருவருக்கும் காட்டாமல் நடந்தார். சோதனைக் குழுவுக்குத் தெரிந்தால் நடுத்தெருவுக்கு வந்துவிடுவேன் என்று என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். முதலில் அவருக்கு ஓவியத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு வானத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிறம் சொல்ல, முழுப் படத்தையும் நானே வரைந்தேன். ஆறாவது படத்திலிருந்து அவர் நிறமும் சொல்லவில்லை, குறட்டை விட்டார். அப்படி வரைந்த பதினோரு படங்களும் கையெழுத்து உட்பட என் கை. வேலை முடிந்து வந்து மிச்சமிருக்கும் நேரத்தில்தான் என்னுடையதை வரைந்தேன். கைக்கு எது ஏழாம் வீடு, எது ஆறாம் வீடு என்று தெரியாமல் போயிற்று. என் படங்களிலும் அதே அலை வந்தது. அதை நான் கவனிக்கவில்லை, முட்டாள்.

ஏப்ரலில் சோதனை நடந்தது. ஏழாம் வீட்டில் இந்த வயதில் இப்படி ஒரு துளிர்ப்பா என்று மூவரும் வாயைப் பிளந்தார்கள். அதன் பிறகு என் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடத்தில் வெளியே போனார்கள். எனக்கென்று சொந்தக் குரல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் நகல், எனவே கலைஞராகக் கருத இயலாது என்று கடிதம் வந்தது.

நான் மேல்முறையீடு செய்தேன். ரூலாஃப் உண்மையைச் சொன்னால் அவர் வீடு போய்விடும் என்பதால், எனக்குச் சொந்தக் குரல் உண்டு என்று மட்டும் சொல்லும்படி கேட்டேன். தலையாட்டினார். விசாரணையில் குழுத் தலைவி கேட்டபோது அவர் சொன்னது:

"பாவங்க அவ. என் படத்தையே பாத்துப் பாத்து அப்படியே பழகிட்டா. திருட்டுன்னு நான் சொல்லமாட்டேன்."

 மேல்முறையீடு தள்ளுபடியானது. மறுநாள், ஜூன் ஒன்பதாம் தேதி காலை, அவர் கூப்பிட்டதால் ஏழாம் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்துப் போனேன். காபி ஊற்றிக் கொடுத்து அவர் சொன்னது:

"காலி பண்ண இன்னும் ஆறு மாசம் இருக்குல்ல யோசின். போறதுக்குள்ள ஒரு நாலு படம் முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன். தேதி போடாம வை, அடுத்த சோதனைக்கு ஆகும்."

நான் மேசையில் கிடந்த, துணி வெட்டும் கத்தியை எடுத்தேன். அவரைத் தொடவில்லை. படங்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே அறுத்தேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை, தடுக்கவும் இல்லை. ஒன்பது முடிந்து கத்தியைக் கீழே வைத்தபோது, அலமாரிப் பக்கம் தாடையை நீட்டி, "பின்னால இன்னும் ரெண்டு இருக்கு" என்றார். கோபத்தில் அவற்றையும் இழுத்து அறுத்தேன். அதன் பிறகுதான் அவர் போலீஸுக்கு போன் செய்தார். போனில் விம்மி விம்மி அழுதார்.

படங்கள் நான் வரைந்தவை என்பதற்கு ஆதாரம் உண்டா என்று காவல் நிலையத்தில் அதிகாரி கேட்டார். இருந்த ஆதாரம் பதினொன்றையும் நானே அறுத்துவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதன் பிறகு எங்கள் குடியிருப்பை நடத்தும் சங்கம் அனுப்பிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். வாழ்நாளின் சிறந்த படைப்புகளைப் பறிகொடுத்த துயரத்தில் ரூலாஃப் ஹாமர் இனித் தூரிகையைத் தொடப் போவதில்லை என்று தெரிவித்திருப்பதாகவும், அவருக்கு இனிமேல் சோதனை கிடையாது, உயிருள்ளவரை ஏழாம் வீட்டில் இருக்கலாம் என்று சங்கம் ஒருமனதாக முடிவு செய்திருப்பதாகவும் அதில் இருந்தது.

இதை எழுதியவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் இதில் உள்ளதும் ஒன்றே. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) யோ. தெர்ப்ஸ்ட்ரா