பேச்சு இல்லை, பிரிண்டர் உண்டு

அரியலூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எங்கண்ணன் வெறுங்கைய ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காரு, மாப்ள."

"ஏன்?"

"பாகம் பிரிச்சப்ப கம்ப்யூட்டர் எனக்கு, பிரிண்டரும் ஸ்கேனரும் அவருக்கு. பேச்சுவார்த்தை கெடையாது. செவுத்துக்கு மேல ஒயர் மட்டும் போவுது. எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகைய அவரு பிரிண்டர்ல அடிச்சு வுட்டேன். பதிலுக்குக் கை வந்துச்சு."

"யோவ் மச்சான், வெத்தல பாக்கு எங்கன்னு கேக்குறாருய்யா! பெரியப்பன் இல்லாம கல்யாணமா? நேர்ல போய் வையி."

"அந்தப் படிய மிதிக்க மாட்டேன்." மடியிலிருந்த சின்ன அட்டைப்பெட்டியைத் தட்டினார். "கலர் இங்க். வெத்தலய போட்டோ புடிச்சு வுடப் போறேன். பச்சையா வுழணும்ல?"

"சரி, இத அவரு வூட்டுப் பிரிண்டர்ல யாரு போய் மாட்டுறது?"

அவர் இங்க் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

"வுடு. வெத்தலயே வாங்கிட்டுப் போறேன்."