பெட்டி தருகிற கார்டு

“பொட்டி தர்ற கார்டையே வாங்கு,” என்றார் முன் சீட்டுக்காரர். அதோடு என் தூக்கம் கலைந்துவிட்டது.

வெள்ளிமலை பஸ் கள்ளக்குறிச்சி ஸ்டாண்டை விட்டு இன்னும் கிளம்பவில்லை. அவருக்கு மலையில் விவசாயம். பக்கத்தில் அவர் மனைவி, டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. அவருடைய கனத்த பை கணவரின் மடியில் இருந்தது; மனைவியின் கையிலிருந்த போனில் இரண்டு கிரெடிட் கார்டு விளம்பரங்கள்.

“ரெண்டுக்குமே வருசக் கட்டணம் கெடையாதுங்க. ஆனா இந்தக் கார்டு வாங்குனா ரெண்டாயிரம் தராங்களே?”

“சும்மாவா தரான்? மூணு மாசத்துல இருபதாயிரத்துக்குத் தேய்க்கணும்னு நீதான படிச்ச? சாமையும் வரகும் வூட்லயே கெடக்குது. அவ்ளோ ரூபாய்க்கு இன்னாத்த வாங்குவ?”

“அதுவும் சரிதான். அந்தக் கார்டுல ஒருவாட்டி தேய்ச்சாலே பொட்டி வந்துடும்.”

“சக்கரம் வெச்ச பொட்டி! வாராவாரம் இந்தப் பையத் தூக்கிக்கினு வந்து, தோளு வலிக்குதுன்னு நீதான சொல்ற.”

“அதுக்குன்னு? பஸ்ஸ வுட்டு எறங்குனா நம்ம வூடு வரைக்கும் கல்லும் மேடும்தான். அதுல சக்கரம் எங்கங்க உருளும்?”

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார்.

“டவுன்ல நீ இழுத்துக்கினு வா,” என்றார் அவர். “மலையில நான் தலையில வெச்சிக்கினு வரேன்.”

அந்தப் பெண் போனில் பெட்டி தருகிற கார்டைத் தட்டினார். பிறகு போனை அவர் பக்கம் திருப்பினார்.

“இன்னா கலர் வேணும்னு கேக்குதுங்க.”