ரிப்பன் கட்டிய வீடு

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது. ஏழு மணிக்கெல்லாம் நான் சபைக் கூடத்தில் கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருடா வருடம் இடது கை உறைகள்தான் மிஞ்சும். ஏன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். இடையில் கொஞ்சம் தண்ணீர் கேட்பேன்.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு வாரம் சேவை வாரம். கூட்டம், பாட்டுப் பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஊருக்குள் இறங்குவோம். வயதானவர்கள் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிப்போம். புதர் வெட்டுவோம். ஒழுகும் குழாயை மாற்றுவோம். எந்த வீட்டுக்கு யார், என்றைக்கு, என்ன வேலை என்று பட்டியல் போடுவது நான். பதினாலு வருடமாக. சபையில் எனக்கு லிஸ்ட்டம்மா என்று பெயர். கேலிதான், ஆனால் பிரியமான கேலி.

ரிப்பனும் என் யோசனைதான். இரண்டாம் வருடம் ஒரு வீட்டுச் சுவருக்குக் காலையில் ஒரு குழு வெள்ளை அடித்தது. பகலில் இன்னொரு குழு போய் அதன்மேல் நீலம் அடித்தது. வீட்டுக்காரர் கூச்சப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பெரியவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "ஒரே நாள்ல மூணு குழு வந்து மூணு தடவை ஜெபம் பண்ணிட்டாங்கம்மா. முட்டி போயிடுச்சு." அதன் பிறகு வேலை முடிந்த வீட்டின் கேட்டில் ஒரு முழம் வெள்ளை ரிப்பன் கட்டுவோம். ரிப்பன் இருந்தால் யாரும் கேட்டைத் திறக்கக் கூடாது. சனிக்கிழமை எல்லா ரிப்பனையும் அவிழ்த்துத் துவைத்து, இஸ்திரி போட்டு அடுத்த வருடத்துக்கு எடுத்துவைப்போம். எதையும் வீணாக்குவதில்லை.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். ஒன்பது வருடமாகக் காலை ஆறு நாற்பதுக்கும் மாலை ஆறுக்கும் நான் போவேன். குளிக்க வைப்பேன், முட்டிக்கு மருந்து தேய்ப்பேன், சமைத்து வைப்பேன், வெளியே பூட்டிக்கொண்டு வருவேன். ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றால், "வேத்து ஆள் கை என்மேல படக்கூடாது" என்பாள். நான் தாமதமாகப் போனால், "ஊர்ல எல்லார் வீட்டுக் கதவும் உனக்குத் தெரியுது, என் வீடுதான் மறந்துபோவுது" என்பாள். நான் கோபப்பட்டதில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும்.

இந்த வருடம் போதகரிடம் கேட்டேன். வாரத்தில் ஒரு நாள், இரண்டே மணி நேரம், யாராவது அக்காவோடு உட்கார முடியுமா என்று. அவர் சிரித்தார். "நீங்க இருக்கும்போது அவங்களுக்கு என்னம்மா குறை?" பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு பட்டியலில் நானே அவள் வீட்டைச் சேர்த்தேன். படிவத்தில் பெயின்ட், தோட்டம், பழுது, சுத்தம் என்று நான்கு கட்டங்கள்தான். கூட உட்காருவதற்குக் கட்டம் கிடையாது. படிவத்தைத் தயாரித்ததும் நான்தான். பெயின்ட் என்று குறித்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, கேட்டுக்குப் பெயின்ட்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது அவள் குளியலறை வாசலில் கிடந்தாள். விழித்திருந்தாள்.

"வந்துட்டியா சின்னவளே. விழுந்துட்டேன்."

"எப்போ?"

"விடியறதுக்கு முன்னாடி. தனியா ஏன் எழுந்திரிச்சன்னு நீ திட்டுவியேன்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன்."

"திட்டல."

"இடுப்பு. போன தடவ கை உடஞ்ச மாதிரி இல்லடி. இது வேற வலி."

போன தடவை என்பது மூன்று வருடத்துக்கு முன்பு. ஆறு வாரம் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கினேன். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியும், இன்னிக்கு உன் திருவிழா. எல்லாருக்கும் வேலைய பிரிச்சுக் குடுத்துட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள்தான் போகச் சொன்னாள்.

தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். போர்வை போர்த்தினேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தேன். அவள் கைபேசியில் சார்ஜ் குறைவாக இருந்தது. மேசைக்குப் பக்கத்துச் சுவரில் செருகிவைத்தேன். கைக்கு எட்டாதே என்று கேட்கிறீர்கள். எட்டாதுதான். சார்ஜ் ஏறவேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பூட்டினேன். பையில் ரிப்பன்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கேட்டில் கட்டினேன்.

கைப்பழக்கம் என்று நேற்று சொன்னேன். பழக்கம் என்றால் வேலை முடிந்த பிறகுதான் கட்டுவோம். அந்தக் கேட் இன்னும் துருப்பிடித்துத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பத்து மணிக்குப் போய்விடலாம் என்றிருந்தேன். பத்து மணிக்கு ஏணி ஒன்று குறைந்தது. பகலில் குழாய்க்காரருக்குக் கை வெட்டிவிட்டது. மாலையில் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தேன். கண் திறந்தபோது விடிந்திருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக மாலை ஆறு மணி என்னைக் கூப்பிடாமல் போயிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பெயின்ட் குழுவின் தலைவர் வந்தார். பாங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். குரலுக்காக அவரை ஸ்பீக்கர் என்போம்.

"என்னம்மா, அக்கா வீட்டு வேலைய எங்களுக்குக் குடுத்துட்டு நீங்களே முடிச்சிட்டீங்க போல. ரிப்பன் கட்டியிருந்துச்சு, திரும்பிட்டோம்."

"ஆமா, முடிஞ்சுது."

"உள்ள ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டுச்சு."

"ரேடியோ. அவளுக்குக் காது மந்தம். சத்தமா வெப்பா."

"என்னை மாதிரின்னு சொல்லுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்மேல் தப்பில்லை. அவர் விதியைக் காப்பாற்றினார். அந்தத் தெருவில் நான்கு வீடு. அந்த வாரம் அவர் குழு அங்கேதான் வேலை பார்த்தது. பாடிக்கொண்டேதான் வேலை பார்ப்பார்கள்.

சனிக்கிழமை நன்றிக் கூட்டத்தில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நாற்பத்திரண்டு வீடுகள் என்றார். கைதட்டினார்கள். நாற்பத்தொன்று என்று திருத்தியிருக்க வேண்டும். அதன் பிறகு போதகரின் மனைவி ரிப்பன் அவிழ்க்கப் போனார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று அவர்தான் கதவைத் தட்டினார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை இறந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை, வேலையில் மறந்துவிட்டேன் என்று நேற்று இதே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். களைத்தவர்களுக்கு மறதி வரும். நீங்கள்கூடத் தலையாட்டினீர்கள்.

அந்தத் தாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் போனேன். கால்கள் தாமாகப் போய்விட்டன. சாவி கையில்தான் இருந்தது. காற்றில் ரிப்பன் அவிழ்ந்து ஒரு முனை மண்ணில் கிடந்தது. உள்ளே சத்தம் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இனி அவசரம் ஒன்றுமில்லை, வாரம் முடியட்டும் என்று நினைத்தேன். ரிப்பனைத் தட்டி மண்ணை உதிர்த்தேன். மறுபடி கட்டினேன். இந்த முறை இரட்டை முடிச்சு.

திரும்பும்போது கேட் கிறீச்சிட்டது. என் நடை அவளுக்குத் தெரியும். குரல் மிகவும் சின்னதாக வந்தது, கோபம் இல்லாமல்.

"சின்னவளே, எல்லா வீடும் முடிஞ்சுதாடி?"