இரும்பு தெரியும், கை தெரியாது

மேடையில் வீற்றிருக்கும் ஆலை மேலாளர் ஐயா அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, ஆற்றமுடியாத துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, மூன்று ஷிப்டிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே!

நம் பழச்சாறு ஆலையின் தலைமை சென்சார் பணியாளர், நாமெல்லாம் ‘கேள்விக்காரர்’ என்று அழைத்த, மறைந்த பெருமகனைப் பற்றிப் பேசவே என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் புட்டிகளுக்கு மூடி போடும் பகுதியின் மேற்பார்வையாளனான நான் செய்த ஒரு தவறையும் சொல்லாமல் இங்கிருந்து இறங்கமாட்டேன். அந்தத் தவறால் இந்த அரங்கில் இருக்கும் ஓர் அக்காவின் கை இன்று காலை வரை ஆபத்தில் இருந்தது.

ஒரு சென்சாரை, அந்த உணர்கருவியை, கையில் கொடுத்தால் நாம் என்ன கேட்போம்? இதற்கு என்ன தெரியும் என்று கேட்போம். அவர் என்ன கேட்பார்? “இதுக்கு என்ன தெரியாது?” என்று கேட்பார்!

சாற்றுத் தொட்டி நிரம்பி வழிந்த நாள் நினைவிருக்கிறதா? தொட்டியின் உச்சியில் இருந்த சென்சார் நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். அது சாற்றில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும். சென்சார் கெட்டுவிட்டது, தூக்கி எறியுங்கள் என்று நாம் கத்தினோம். அவர் மட்டும் ஏணியில் ஏறி, தொட்டிக்குள் தலையை விட்டு, “அனுப்புன சத்தத்த யாருப்பா முழுங்குறது?” என்று கேட்டார். முழுங்கியது நுரை! மேலே மெத்தை மாதிரி நின்ற நுரை ஒலியைத் திருப்பி அனுப்பவில்லை. மறுநாளே தொட்டியின் அடியில் அழுத்தம் பார்க்கும் சென்சாரைப் பொருத்தினார். சாறு ஏற ஏற அடியில் அழுத்தம் கூடும். மேலே நுரை எவ்வளவு நின்றால் நமக்கென்ன? எனக்கு அன்று அவர்மேல் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை.

அண்ணியாரிடம் துக்கம் கேட்கப் போனபோது அழுகைக்கு நடுவே சிரித்தார். “வீட்லயும் இதே கதைதாங்க. பால் பொங்கப்போறது மொதல்ல சத்தத்துல தெரியுதா, ஆவில தெரியுதான்னு அடுப்பு முன்னாடியே நிப்பாரு. பாலு பொங்கி வழிஞ்சிடும். அடுப்பத் தொடைக்கிறது நானு!”

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் இயந்திரத்தில் காலை வேளையில் மூடிகள் சிக்கிக்கொண்டே இருந்தன. எடுத்துவிடக் கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். கதவோரம் இருக்கும் சென்சாருக்குள் ஒரு கம்பிச்சுருள். அது தன் முன்னால் காந்தப்புலத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கும். கதவின் இரும்பு அருகே வந்தால் அந்தப் புலம் தளரும். கதவு மூடியிருக்கிறது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். நான் என்ன செய்தேன்? ஓர் இரும்புத் துண்டை அதன் முகத்திலேயே டேப் போட்டு ஒட்டினேன். கதவு திறந்தாலும் இயந்திரம் ஓடியது. ஓடுகிற இயந்திரத்துக்குள் கை விட்டு மூடியை எடுத்தவர், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் அக்கா.

கேள்விக்காரர் அதைக் கண்டுபிடித்தார். திட்டினாரா? இல்லை தோழர்களே! “பரவால்லியே, சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுதான் பண்ணிருக்க!” என்றார். பிறகு துண்டை எடுத்துவிட்டுத் தன் உள்ளங்கையைச் சென்சார்முன் வைத்தார். இரும்பைக் கண்டால் எரியும் அதன் சின்ன விளக்கு எரியவில்லை.

“பாத்தியா? இதுக்கு இரும்பு தெரியும், கை தெரியாது. உள்ள கை இருக்குன்னு மெஷினுக்கு யாரு சொல்லுவா? நீ சொல்லுவியா?”

“இனிமே ஒட்டமாட்டேண்ணே” என்றேன். நம்பிவிட்டார். மறுநாள் காலை மறுபடி ஒட்டினேன்.

என் வாக்கை நம்பி, மூடி ஏன் சிக்குகிறது என்று தேடப் போனார் அவர். “ஒம்பதர வரைக்கும்தான் சிக்குது. அப்புறம் இல்ல. ஏன்?” என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தார். அன்றிரவு வீட்டிலேயே மாரடைப்பு.

நேற்று அவர் நின்ற இடத்தில் நானும் நின்றேன். மூடி இறங்கும் குழாயில் ஓர் ஒளிக்கதிர் குறுக்கே போய் எதிரே இருக்கும் சென்சாரின் கண்ணில் விழும். மூடி அதை மறித்தால், மூடி இருக்கிறது என்று பொருள். காலை வெயில் ஒன்பதரை வரை கிழக்கு ஜன்னல் வழியாக நேரே அந்தக் கண்ணில் விழுகிறது! மூடி மறித்தாலும் அதற்கு வெளிச்சம்தான். மூடி இல்லை என்று நினைத்து மேலும் மேலும் இறக்குகிறது. இன்று காலை ஜன்னலில் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தேன். ஒரு மூடிகூடச் சிக்கவில்லை. நான் ஒட்டிய துண்டையும் பிய்த்து எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் இதைப் பார்த்து எப்படிக் குதித்திருப்பார்!

அக்கா, அந்த இயந்திரத்துக்கு உங்கள் கை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டினேன். என்னை மன்னியுங்கள்.

இதோ அந்த இரும்புத் துண்டு. மேலாளர் ஐயா முன்னால் மேசையில் வைக்கிறேன். மற்ற இயந்திரங்களிலும் இப்படித் துண்டுகள் உண்டு என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். யார் ஒட்டியது என்று நான் கேட்கமாட்டேன். நாளைக் காலை ஷிப்டுக்கு முன் எல்லாம் இந்த மேசைக்கு வரவேண்டும். அதுவரை ஓர் இயந்திரமும் ஓடக்கூடாது. அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுதான்.

ஐயா, ஓடாது என்று நீங்கள் இந்தச் சபையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லும்வரை நான் போய் உட்காரப்போவதில்லை.