கிணற்றுச் சன்னலுக்குக் கம்பி போட்ட கேஸ்

பூட்டினேனா? நான் வீட்டுக்குள் அடைத்துப் பூட்டினேன் என்று காண்ட்ராக்டர் செல்வதாஸ் மனு கொடுத்திருந்தால் அவன் வந்து பூட்டைக் காட்டட்டும். என் வீட்டில் பூட்டே கிடையாது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்றேன்; பேரும் வயதும்தான் முதலில் என்று ஏட்டு குமாரதாஸ் கண்டித்துச் சொன்னதால் அதைச் சொல்கிறேன்.

என் பெயர் நாராயணபெருமாள். அய்யாக்குட்டி மகன். வயது எழுபத்திரண்டு. அருமனைக்குக் கிழக்கே ரப்பர் தோட்டத்தை ஒட்டிய புது வீட்டில் குடியிருக்கிறேன், தனியாக. மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இன்று கொல்லம் ஆண்டு 1127, மீன மாசம்.

என் மனைவி தாணம்மாளுக்கு முட்டுவலி. படி ஏறி இறங்கக் கூடாது என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் அடுக்களைச் சுவரை ஒட்டிக் கிணறு வெட்டி, அவள் உள்ளே நின்றபடியே சன்னல் வழியாகத் தண்ணீர் கோரும்படி ஒரு வீடு கட்டித் தரச் சொல்லி காண்ட்ராக்டர் செல்வதாஸிடம் ஏற்பித்தேன். அவன் மராமத்து லைசென்ஸ் உள்ளவன். அந்த லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான்; கல்யாணப் படத்துக்குச் சுவரில் இடமில்லை. (இது வேண்டாம் என்றார் ஏட்டு. எழுதச் சொன்னேன்.) அதுவரை அவன் பள்ளிக்கூடமும் பாலமும் கட்டினவன், வீடு கட்டினதில்லை.

வீட்டை நன்றாகத்தான் கட்டினான். ஆனால் மற்றச் சன்னல்களைப் போலவே கிணற்றுச் சன்னலுக்கும் நாலு விரல் இடைவெளியில் இரும்புக் கம்பி போட்டுவிட்டான். கம்பி வழியாகக் கையை நீட்டிக் கயிற்றை இழுக்கலாம், வாளியும் சன்னல் வரை வரும், உள்ளே மட்டும் வராது. பால்காய்ச்சிக் குடிபுகுந்த அன்று தாணம்மாள் முதல் வாளியைக் கோரினாள். வாளி அந்தப் பக்கம் நின்றது, அவள் இந்தப் பக்கம் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கயிற்றை விட்டாள். "ஜெயில்ல கிடக்கது கிணத்து வெள்ளமா, நானா? இந்தச் சன்னலு வழியா வாளி வருத அன்னைக்கு நானும் வருதேன்" என்று சொல்லிவிட்டு நெய்யூரில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நானே கஞ்சி வைத்து, நானே அதைக் குறை சொல்லி, நானே குடித்து வருகிறேன்.

அதன் பிறகு செல்வதாஸிடம் போய்க் கம்பியை எடுக்கச் சொன்னேன்.

"கம்பி இல்லாத சன்னலுக்கு ஒப்பு போட்டா எனக்க லைசென்சு போவும் பாட்டா. நீங்களா அறுத்தா வேல முடிஞ்சுதுன்னு எழுதித் தர மாட்டேன், வீட்டுக்கு நம்பரும் கிடைக்காது."

"அப்போ நாலு விரலு கனத்துல ஒரு வாளி அடிச்சுத் தா மக்கா."

அவன் சிரிக்கவில்லை. அதன் பிறகு நான் மராமத்து ஆபீஸில் புகார் கொடுத்தேன். ஓவர்சியர் வந்தார், கம்பியைத் தட்டிப் பார்த்தார், நல்ல உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நேற்று மத்தியானம் செல்வதாஸைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் காந்தாரி மிளகுத் துவையலும் வைத்திருந்தேன். குழம்பை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினான். கொடுமை என்று மனுவில் எழுதியிருப்பது இதைத்தான்.

"வெள்ளம் தா பாட்டா" என்றான்.

"சன்னல்ல நிக்கு. எடுத்துக் குடி."

வாளி நிறையக் கோரிக் கம்பிக்கு வெளியே கட்டி வைத்திருந்தேன். அவன் வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாசலுக்கு வந்தான். வாசல்படியில் நான் குறுக்கே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தேன்.

"எந்தி பாட்டா. நாக்கு எரியுது."

"முட்டு பிடிச்சிருக்குடே. தாண்டிப் போ."

வயசாளியைத் தாண்டிப் போகிறவன் இல்லை அவன். அங்கே பூட்டு என்று ஒன்று இருந்ததென்றால் அது அவன் அம்மை வளர்த்த வளர்ப்பு. திரும்பிப் போய்க் கம்பிக்குள் கையை விட்டு அள்ளிக் குடித்தான். பாதி கிணற்றிலேயே விழுந்தது. நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"பாட்டி இதுல எப்பிடிக் கோருவா?"

"கோரல்ல. அதுக்காச்சுட்டிதானே போனா. விருந்துக்குப் போனான்னு நெனச்சியா?"

நான் எழுந்து வழி விட்டேன். அவன் நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்து மனுவைக் கொடுத்திருக்கிறான். கோபம் வரத்தான் செய்யும். காந்தாரி மிளகு அப்படி.

இன்று விடிந்ததும் அவனே ஆசாரி யோவானோடு வந்து நிற்கிறான், கையில் இரும்பறுக்கும் வாளும் இரண்டு கீலும். கம்பியை மொத்தமாக அறுத்து, ஒரு சட்டத்தில் அடித்து, கதவு போல ஆக்குகிறானாம். "தெறந்தா வாளி வரும், அடச்சா லைசென்சு நிக்கும்" என்றான். நான் நெய்யூருக்கு ஆள் விட்டேன். அவள் வருவாளா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் போலீஸ் வந்து என்னைக் கூட்டிவந்தது. தாணம்மாளின் வண்டி வந்து நிற்கும்போது வாசலில் நான் இல்லாவிட்டால் அவள் இறங்காமலே திரும்பிவிடுவாள், சீக்கிரம் எழுதும் என்று ஏட்டிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இவ்வளவும் எழுதும்போது செல்வதாஸே இங்கு வந்து வாசலில் நின்றான். உடம்பெல்லாம் இரும்புத் தூள்.

"பாட்டி வந்தாச்சு பாட்டா. ஒம்மக் காணலன்னதும் வாளியத்தான் தேடினா. மூணு வாளி கோரியாச்சு, இன்னும் நிறுத்தல்ல. எனக்க மனுவக் கிழிச்சுப் போடுங்க ஏட்டய்யா. கருவாட்டுக் கொழம்பு மிச்சம் கிடக்காம், ஒங்களையும் உண்ணக் கூட்டிட்டு வரச் சொன்னா."

கருவாடு என்று கேட்டதும் ஏட்டு பேனாவை மூடாமல் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். கூப்பிட்டும் திரும்பவில்லை. பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது. அதனால் மிச்சத்தை நானே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

மேலே ஏட்டு எழுதினதும் கீழே நான் எழுதினதும் நடந்த சங்கதிதான், ஒன்றும் கூட்டவில்லை. குழம்பில் உப்பு கூடிற்றா என்று யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. வீட்டில் வாளிச் சத்தம் கேட்க வேண்டும், போகிறேன்.

(ஒப்பு) அ. நாராயணபெருமாள்