தூரமா?

ஈஸ்டர் லீவில் ஒரு காலை, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் ஏழெட்டு வயது மகளும். கடல் பார்க்கப் போகிறார்கள் என்பதைக் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டாள் அவள். அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்:

"வீட்ட பூட்டும்போது 'போயிட்டு வர்றோம்'னு யாருகிட்டப்பா சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல பாப்பா. வாய் பழகிப்போச்சு."

"உள்ளதான் யாரும் இல்லியே."

"உங்கம்மா இருந்த வரைக்கும் தினம் சொல்லிக்கினு இருந்தேன். அது சாமிகிட்ட போயி ஒரு வருசம் ஆவுது, இந்த வாய்க்கு இன்னும் தெரியல."

சிறுமி ஒரு வேர்க்கடலைப் பருப்பை மென்று முடித்தாள்.

"அப்போ 'தூரமா?'ன்னு கேட்டது யாரு?"

கிளம்புகிறவர்களை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்று, எங்கள் பக்கத்தில் 'தூரமா' என்றுதான் கேட்பார்கள். பஸ் ஓமந்தூரில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"பக்கத்து வூட்டு அக்காவா இருக்கும்."

"அவங்க நேத்தே ஊருக்குப் போயிட்டாங்க. உள்ளேருந்துதாம்பா கேட்டுச்சு. நீ பூட்ட இழுத்து இழுத்துப் பாத்துக்கினு இருந்தியே, அப்போ."

அவர் கையிலிருந்த சாவியை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளின் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"உனக்கும் கேட்டுச்சா?"