உச்சிமாகாளியின் இடது முட்டி

முனியம்மாளை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்களே மேடம், அந்த நாற்காலிக்கு முதுகுச் சாய்மானம் சரியில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். கார் இருக்கை செய்கிற கம்பெனியில், விசாரணைக்கு வருகிறவர்களுக்கு இப்படியொரு நாற்காலி. நானும் பல முறை சொல்லிவிட்டேன். இங்கே யார் பேச்சை யார் கேட்கிறார்கள்?

குடியரசு தினக் கபடிப் போட்டியில் உச்சிமாகாளி விழுந்ததற்கு, மைதானத்தில் ரப்பர் மேட்டைச் சரியாக விரிக்காத துப்புரவுப் பணியாளர் முனியம்மாள்தான் காரணம் என்று நீங்கள் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. குவாலிட்டியில் இத்தனை வருடம் வேலை பார்த்தவன் நான். தப்பான காரணத்தை எழுதி ஃபைலை மூடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆகவே முறையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு டிவியில் ஆடும் பெரிய ஆட்டக்காரர்கள்மீது ஆர்வம் கிடையாது. மேலே வந்துவிட்டவனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? இன்னும் வராதவர்கள்தான் எனக்கு முக்கியம். நம் கம்பெனி அணி, பக்கத்துக் கம்பெனி அணிகள், குன்றத்தூரிலும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் பையன்கள். யார் மாவட்ட அணிக்குப் போவான், யாருக்குத் தோள் இறங்கியிருக்கிறது, யார் எப்போது திரும்பி வருவான் என்பதையெல்லாம் கவனித்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போடுவேன். குரூப்பில் என் பெயர் டாக்டர். கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஆனாலும் சனிக்கிழமை கொஞ்சம் தாமதமானால், இன்னும் வரவில்லையா என்று கேட்பார்கள்.

என் மனைவி அற்புதமேரிக்கு இது பிடிக்காது. "ஊரான் புள்ளைங்க முட்டியெல்லாம் தெரியுது. என் முட்டி ஒரு வருசமா வலிச்சிக்கினு கீது, அத எப்பனா கேட்டுகிறீங்களா?" என்பாள். அவள் கபடி ஆடுவதில்லையே.

நான் சொன்னது பெரும்பாலும் நடந்திருக்கிறது. தளவாய் என்று ஒரு பையன் இருந்தான், மூலையில் நின்று பாடி வருகிறவனைப் பிடிக்கிற அருமையான கார்னர். தோள் ஆறுவதற்குள் ஆடாதே என்றேன். ஆடினான். இப்போது ஊரில் ஆட்டோ ஓட்டுகிறான், அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. அன்றைக்கு குரூப்பில் ஒருவராவது, டாக்டர் அப்போதே சொன்னார் என்று போட்டிருக்கலாம். ஒருவரும் போடவில்லை. தப்பாகிப்போனதை மட்டும் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

உச்சிமாகாளி சாத்தான்குளம் பக்கத்துப் பையன். நம்முடைய ஸ்பாஞ்சு லைனில் காண்ட்ராக்ட் வேலை. படப்பையில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவன் முதன்முதலில் பாடிப் போனதை நான் கேன்டீன் பின்னால் இருக்கும் மைதானத்தில் பார்த்தேன். வலது பக்கம் போவதுபோல் உடம்பைக் காட்டிவிட்டு இடது மூலைக்குப் பாய்வான். எதிரணிப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் போனஸ் கோட்டைத் தொட்டதும் இடது காலை அழுத்தி ஊன்றி ஒரே திருப்பில் வெளியே வந்துவிடுவான். இவன் மாநில அணிக்குப் போவான் என்று அந்தச் சனிக்கிழமையே சொன்னேன். அவனைப் பற்றி முதலில் சொன்னவன் நான்தான். இதை யாரும் மறுக்க முடியாது.

போன ஆடி மாதம் அந்த இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்கு நான்தான் கூட இருந்தேன். அதற்குப் பிறகு முட்டியை மடக்கி நீட்டும் பிசியோ பயிற்சிக்கும் நான்தான் அழைத்துப் போனேன். பஸ்ஸிலிருந்து அவன் இறங்கும் விதத்தை வைத்தே அன்றைக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான், சித்திரைக்கு முன்னால் இவன் ஆட முடியாது என்று குரூப்பில் சொன்னேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு மேடம். ஒரு பொருளில் சந்தேகம் வந்தால் மஞ்சள் அட்டை கட்டி நிறுத்தி வைப்போம். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. உச்சிமாகாளிக்கு நான் கட்டியிருந்தது அந்த மாதிரி ஓர் அட்டை. அதை யார் யாரோ அவிழ்த்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் மார்கழியிலேயே ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அவர் அந்த முட்டியை மொத்தமாக எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்? நம் கோச் லோகேஷ் எனக்குத் தெரியாமல் அவனைப் பயிற்சிக்கு இறக்கினான். பொங்கலுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் எதிரணி முழுவதையும் அவன் ஒருவனே காலி செய்துவிட்டான். வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டு, லோகேஷ் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "இன்னா டாக்டரே, ரிப்போர்ட்டு புட்டுக்கிச்சா? உன் பேஷண்டு ஊடு கட்டி அடிச்சிக்கினு கீறான் பாரு." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஷிஃப்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டிக் காட்டினார்கள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அவனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய் எடுத்துச் சொன்னேன்.

"வலியே இல்ல அண்ணாச்சி. முன்னவிட நல்லா இருக்கு."

"வலி இல்லன்னா ஆறிப்போச்சுன்னு அர்த்தமாடா? சித்திர வரைக்கும் பொறு."

"சித்திரையில நான் இங்க இருக்கணும்லா. மாசியோட காண்ட்ராக்ட் முடியுது. கப்ப அடிச்சா எங்கள்ல ஒருத்தன பெர்மனென்ட் பண்ணுதோம்னு மேனேஜர் சொல்லியிருக்காவ. ஊர்ல அம்மாட்டயும் சொல்லிட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "நீங்க குரூப்புல எனக்கு முடியாதுன்னு பேசாதிய அண்ணாச்சி. மேனேஜரும் அதக் கேக்காவளாம். முடியும்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

பாருங்கள் மேடம். ஆபரேஷனுக்குக் கூட இருந்தவனிடம், நீ சொன்னது தப்பு என்று நீயே சொல் என்கிறான். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை குரூப்பில் தெளிவாகப் பேசினேன். நாளைய ஆட்டத்தில் இரண்டாவது பாதியை அந்த முட்டி தாண்டாது என்றேன்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகாமல் மைதானத்துக்கு வந்தேன். முனியம்மாளும் இன்னொரு அம்மாவும் ரப்பர் மேட் துண்டுகளைப் பல்லோடு பல் கோத்து விரித்துக்கொண்டிருந்தார்கள். சுத்தமான வேலை, ஓர் இடுக்குக்கூட இல்லை. "சார், கோடெல்லாம் நேரா கீதா பாத்து சொல்லு சார்" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் டீ குடிக்கப் போனார். நேராகவே இருந்தது. நான் இடது மூலைத் துண்டைத் தூக்கி, நம் லைனில் கழித்துப் போட்ட மெத்து ஸ்பாஞ்சு ஒன்றை அடியில் வைத்தேன். போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவன் கால் ஊன்றுகிற இடம். துண்டைப் பழையபடி கோத்தபோது மேலே எதுவும் தெரியவில்லை.

இதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. இருக்கையின் இரும்புச் சட்டங்களில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை எடுத்து நாங்கள் பாரம் ஏற்றிப் பார்க்கிறோம். நல்ல சட்டம் தாங்கும். தாங்காவிட்டால் குற்றம் பாரத்தின்மேல் இல்லை, சட்டத்தின்மேல். அதே சோதனைதான் இது. முதல் பாதி முழுக்க அந்த மூலையில் நின்று ஆடியவன் நம் சக்திகுமார். அதே ஸ்பாஞ்சின்மேல்தான் குதித்தான், புரண்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

முதல் பாதியில் உச்சிமாகாளி மறுபக்கம் பாடினான். நன்றாகவே ஆடினான். அவனுக்காக எல்லோரும் கத்தினார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. நான் கோட்டருகே ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் உடம்பைக் காட்டினான், இடது மூலைக்குப் பாய்ந்தான், கோட்டைத் தொட்டான், காலை ஊன்றினான். கால் உள்ளே இறங்கியது. உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. அந்தச் சத்தம் நான் இருந்த இடம்வரை கேட்டது.

அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. "அண்ணாச்சி, முட்டியப் பாருங்க அண்ணாச்சி" என்றான். நான்தான் முதலில் ஓடினேன். காலை இழுக்காதீர்கள் என்று எல்லோரையும் விலக்கி, மட்டை வைத்துக் கட்டியது நான். அந்தக் கட்டு சரியாகக் கட்டியிருந்தது என்று ஆஸ்பத்திரியில் பாராட்டினார்களாம். வண்டியில் ஏற்றுகிற கூட்டத்தில் ஸ்பாஞ்சை உருவிக்கொண்டேன். திரும்பக் கோக்க நேரமில்லாமல் துண்டு விலகிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் முனியம்மாளைப் பிடித்தீர்கள்.

சாயங்காலம் லோகேஷ் குரூப்பில் போட்டான். டாக்டர் சொன்னபோது கேட்டிருக்கலாம் என்று. சிரிப்புப் பொம்மை ஒன்றுகூட இல்லை. எனக்குச் சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சாப்பாடு ஒழுங்காக இறங்கியது. மறுநாள் பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன், ஞாயிறு பூசை தவறியதற்காக. வேறு எதையும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் யாரையும் தொடவில்லை. அவசரப்பட்டவர்கள் அவர்கள். தாங்காத ஒன்றைத் தாங்கும் என்று சொன்னவர்கள் அவர்கள்.

அவன் காண்ட்ராக்ட் மாசியோடு முடிகிறது, படுத்திருப்பவனுக்கு அதைப் புதுப்பிக்க வழியில்லை என்று சற்று முன்னால் சொன்னீர்கள். அது உங்கள் விதி, அதில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. இனி அவன் கபடி ஆடவே முடியாது, கோலில்லாமல் நடப்பதே சந்தேகம் என்று டாக்டர்கள் சொன்னதையும் சொன்னீர்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் மார்கழியில் சொன்னதும் தப்பு, இதுவும் தப்பாக இருக்கலாம். புதிதாக எடுத்த ஸ்கேனை எனக்கு ஒரு தடவை காட்டுங்கள் மேடம், எப்போது திரும்பி வருவான் என்று சரியாகச் சொல்கிறேன். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது, குரூப்பில் கேட்பார்கள்.